பழமைக்கு ஒரு ராத்திரி வாடகை

கட்டில் உயரமானது. ஏறுவதற்குத் தனியாக மரப்படி வைத்திருக்கிறார்கள். நான்கு மூலையிலும் தூண்கள், கறுத்துப் பளபளக்கும் மரம், மேலே மின்விசிறி. ஜன்னலைத் திறந்தால் கொச்சித் துறைமுகத்தின் வாய் தெரிகிறது. எதிர்க்கரையில் வைப்பின் தீவு. நடுவில் ஒரு சரக்குக் கப்பல் அவசரமே இல்லாமல் உள்ளே நுழைகிறது. கீழே முற்றத்தில் தூங்குமூஞ்சி மரம் நிழல் விரித்திருக்கிறது. வரவேற்புக் கூடத்தின் உத்தரத்திலிருந்து துரைமார் காலத்துத் துணி விசிறிகளான பங்காக்கள் தொங்குகின்றன. வந்திறங்கிய விருந்தினருக்கு ஒரு நிமிஷமாவது இது எந்த வருஷம் என்ற மயக்கம் வரவேண்டும். வந்துவிட்டால் ஹோட்டலின் வேலை பாதி முடிந்தது.

ஃபோர்ட் கொச்சியின் பிரன்டன் போட்யார்ட் ஹோட்டல் திறக்கப்பட்டது 1999-ல். விக்டோரியா மகாராணி காலத்துக் கட்டடம் போலத் தோன்றினாலும் வயதில் அது பல விருந்தினர்களை விட இளையது. ஜார்ஜ் பிரன்டன் என்ற ஆங்கிலேயரின் நிறுவனம் படகும் கப்பலும் கட்டிய இடம் அது. பட்டறை ஓய்ந்து பாழடைந்து கிடந்த மனையில், கேசினோ ஹோட்டல் குழுமம் (இன்று அதன் பெயர் சிஜிஹெச் எர்த்) பழைய பாணியில் ஒரு புதிய கட்டடத்தை எழுப்பியது. ஓட்டுக் கூரை, அகலத் தாழ்வாரம், வளைவு வாசல் எல்லாம் பழைய இலக்கணத்தில் எழுதப்பட்ட புது வாக்கியங்கள்.

இதை மோசடி என்று சொல்வது நியாயமாகாது. பழைய வீட்டை இடித்துவிட்டுக் கண்ணாடிச் சுவர் எழுப்புகிறவர்கள் நிறைந்த நாட்டில், காலி மனையில் ஊரின் முகத்தோடு ஒத்துப்போகும் கட்டடத்தைக் கட்டுவது பாராட்ட வேண்டிய அடக்கம். 'பாரம்பரிய ஹோட்டல்' என்ற முத்திரைக்கு மத்திய சுற்றுலா அமைச்சகம் வைத்திருக்கும் விதி வேறு: கட்டடம் 1950-க்கு முன் கட்டப்பட்டிருக்க வேண்டும். அந்தக் கணக்கில் தேறும் வீடுகளுக்கு ஃபோர்ட் கொச்சியில் பஞ்சமில்லை. 1755-ம் ஆண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் மலபார் ஹவுஸ் ஹோட்டலாயிற்று. கோடர் என்ற யூத வணிகக் குடும்பத்தின் சிவப்பு மாளிகை ஹோட்டலாயிற்று. டச்சுக் காலத்து வீடுகள் சிலவும் அதே வழியில் போயின. திண்ணையும் இரண்டு உபரி அறையும் இருந்த குடும்பங்கள் 'ஹோம்ஸ்டே' பலகையை மாட்டின. அசல் பழசு, புதுப் பழசு இரண்டுக்குமே வாடிக்கையாளர் உண்டு. பிரன்டன் போட்யார்ட் போன்ற இடத்தில் ஒரு ராத்திரி தங்க ஐந்து இலக்கத் தொகை கொடுக்க வேண்டும்.

அங்குள்ள சாப்பாட்டுக் கூடத்தின் பெயரே 'ஹிஸ்டரி'. யூதர், சிரியன் கிறிஸ்தவர், ஆங்கிலோ இந்தியர் என்று கொச்சியில் குடியேறி வாழ்ந்தவர்களின் சமையல் அதன் மெனுவில் வரிசையாக வருகிறது. ரயிலின் முதல் வகுப்பில் துரைமார்களுக்குப் பரிமாறியதாகச் சொல்லப்படும் மட்டன் குழம்புகூட உண்டு. சரித்திரத்தைத் தட்டில் வைத்துத் தருவது மோசமான யோசனை அல்ல. வாஸ்கோ ட காமாவைப் பாடப் புத்தகத்தில் படித்து மறந்தவர்கள், குழம்பின் வழியாகவாவது ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்.

ஞாபகம் வைத்துக்கொள்ள இந்தச் சின்ன ஊரில் நிறையவே இருக்கிறது. 1503-ல் போர்ச்சுகீசியர் இங்கே கோட்டை கட்டினார்கள். 1663-ல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்தார்கள். 1795-ல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1806-ல் அவர்களே கோட்டையையும் பழைய கதீட்ரலையும் வெடி வைத்துத் தகர்த்தார்கள். 'ஃபோர்ட்' என்ற பெயர் மட்டும் நின்றது. தமிழ் வாசகர் பலர் மறந்துவிட்ட விஷயம் ஒன்றும் உண்டு. இந்த ஊர் கொச்சி மகாராஜாவின் ஊர் அல்ல. மதராஸ் ராஜதானியின் மலபார் ஜில்லாவில், 'பிரிட்டிஷ் கொச்சி' என்ற தனித் துண்டாக இருந்தது. 1956 நவம்பர் 1-ம் தேதி கேரளம் பிறக்கும் வரை இதன் கோப்புகள் சென்னைக் கோட்டைக்குத்தான் போய் வந்தன.

1920-ல் ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேய இன்ஜினியர் வந்து சேர்ந்தார். துறைமுக வாயை அடைத்திருந்த மணல் திட்டை வெட்டினார்; 1928-ல் பெரிய கப்பல்கள் உள்ளே நுழையத் தொடங்கின; தோண்டிய மண்ணைக் கொட்டி வெல்லிங்டன் தீவு உருவானது. புதிய துறைமுகம் வளர வளர, இந்தக் கரையின் மிளகு மண்டிகளும் கயிற்றுக் கிடங்குகளும் மெல்ல மெல்லப் பூட்டிக்கொண்டன. பணம் அக்கரைக்குப் போய்விட்டதால் இந்தக் கரையில் யாருக்கும் இடித்துக் கட்ட வசதி வரவில்லை. இன்று பயணிகள் ரசிக்கும் பழமைக்கு ஒருவகையில் அந்த வறுமைதான் காவல். 2012 டிசம்பரில் கொச்சி-முசிரிஸ் பினாலே என்ற கலைத் திருவிழா ஆரம்பித்தபோது, காலிக் கிடங்குகளுக்கு ஒரு புதிய உபயோகம் கிடைத்தது. மிளகு அடுக்கியிருந்த சுவரில் ஓவியம் தொங்குகிறது.

கட்டடங்கள் இப்படிப் பிழைத்துக்கொண்டன. மனிதர்கள்? ஃபோர்ட் கொச்சியை ஒட்டிய மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய யூத ஆலயம் இருக்கிறது. டூரிஸ்டுகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறார்கள். ஆலயத்துக்கு உரிய பரதேசி யூதர்கள் 1948-க்குப் பிறகு குடும்பம் குடும்பமாக இஸ்ரேலுக்குப் போனார்கள். அந்தச் சமூகத்தின் கடைசிப் பெண்மணி குவீனி ஹலேகுவா 2024 ஆகஸ்டில் காலமானார். அவர்கள் வாழ்ந்த தெருவில் இப்போது பழம்பொருள் கடைகள். இன்னொரு உதாரணம், ஃபோர்ட் கொச்சி புனித பிரான்சிஸ் தேவாலயம். வாஸ்கோ ட காமாவை முதலில் புதைத்த இடம் என்று கல்லைக் காட்டுகிறார்கள். தலைக்கு மேலே பங்காக்கள் வரிசையாகத் தொங்குகின்றன. அவற்றின் கயிறு சுவரைத் தாண்டி வெளியே போகும். பிரசங்கம் முடியும் வரை வெளியே உட்கார்ந்து ஒருவர் இழுத்துக்கொண்டிருப்பார். உள்ளே கல்லறைக் கற்களில் பெயர்கள் நிறைய இருக்கின்றன. கயிறு இழுத்தவர்களின் பெயர் எதிலும் இல்லை.

கயிறு இழுத்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார். துணி வெளுத்தவரின் வாரிசுகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்க ஹோட்டல் வாசலில் ஆட்டோ பிடித்து 'வெளி' என்ற பகுதிக்குப் போகவேண்டும்.

தோபிகானா என்று எழுதிய வாசலைத் தாண்டினால் முதலில் கேட்பது கல்லில் துணி அடிக்கும் ஓசை. வரிசையாகச் சின்னச் சின்னத் தடுப்புகள். ஒவ்வொன்றிலும் ஒரு தொட்டி, ஒரு கல், ஒரு ஆள். அப்பால் திறந்த மைதானம். கம்பங்களுக்கு நடுவே தேங்காய் நார்க் கயிறு கட்டி, வெள்ளை வெளேரென்று விரிப்புகள், தலையணை உறைகள், ஆஸ்பத்திரித் துணிகள். கயிற்றில் ஒரு கிளிப் கிடையாது. இரண்டு புரியாக முறுக்கிய கயிறு அது. துணியின் ஓரத்தைப் புரிகளுக்கு நடுவே செருகிவிடுகிறார்கள். காற்று பலமாக அடித்தால் துணி பறப்பதில்லை. முறுக்கு இறுகிப் பிடித்துக்கொள்கிறது. கூரைக்கு அடியில் இஸ்திரிக் கூடம். கரி போட்ட கனத்த பெட்டிகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. பக்கத்திலேயே மின்சாரப் பெட்டியும் உண்டு. பருத்தித் துணிக்குச் சோற்றுக் கஞ்சி, வெள்ளைக்குக் கொஞ்சம் நீலம்.

அங்கே கேட்கும் இன்னொரு ஓசை தமிழ்.

மலையாளம் கலந்த தமிழ்தான். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, அரசியல் எல்லாம் மலையாளத்தில் நடக்கும்போது வேறெப்படி இருக்கும்? ஆனாலும் வீட்டுக்குள் பேச்சு தமிழாகவே தொடர்கிறது. 18-ம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் தங்கள் படையினரின் சீருடைகளை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து தங்கள் முன்னோரை அழைத்து வந்தார்கள் என்பது இவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் வரலாறு. டச்சுக்காரர்கள் போன பின் ஆங்கிலேயர்களுக்கு வெளுத்தார்கள். அவர்களும் போன பின் ஊருக்கு வெளுத்தார்கள். இப்போதுள்ள சலவைத் துறை 1976-ல் கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக் கொடுத்தது. வண்ணார் சங்கம் அதை நிர்வகிக்கிறது. குடும்பத்துக்கு ஒரு தடுப்பு என்ற கணக்கில் ஏறக்குறைய 40 குடும்பங்கள்.

வணிகக் கம்பெனிகளுக்கும் வெளுப்பவர்களுக்கும் உள்ள உறவு பழையது. சென்னையில் வண்ணாரப்பேட்டை உருவானதும் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதி செய்த துணியை வெளுத்துக் கொடுத்தவர்களால்தான். அங்கே தொழில் மறைந்து மெட்ரோ ரயில் நிலையத்துக்குப் பெயராக மட்டும் மிஞ்சியது. கொச்சியில் தொழில் மிஞ்சியது. ஆனால் பிரயாணிகளுக்கான வரைபடங்களில் பெரிய எழுத்தில் இருப்பவை தேவாலயமும் சீன வலையும் டச்சு அரண்மனையும்தான். தோபிகானா சமீபகாலமாகத்தான் 'பார்க்க வேண்டிய இடங்கள்' பட்டியலின் கடைசி வரிசைக்கு வந்திருக்கிறது. அதுவும் படமெடுக்க. வெயிலில் ஆடும் ஐம்பது வெள்ளை விரிப்புகள் காமிராவுக்கு விருந்து.

அந்த விரிப்புகள் வெளியூர்ப் பிரயாணிகளுக்கு அந்நியமானவை அல்ல. ஃபோர்ட் கொச்சியின் ஹோட்டல்களும் ஹோம்ஸ்டேக்களும் இங்கே துணி போடுகின்றன. எந்த ஹோட்டலின் விரிப்பு எங்கே வெளுக்கப்படுகிறது என்று விருந்தினருக்குத் தெரியாது. பெரிய ஹோட்டல்கள் இயந்திரச் சலவையை நாடுவதும் உண்டு. ஆனாலும், முந்தின ராத்திரி தான் படுத்து எழுந்த விரிப்பையே மறுநாள் மைதானத்தில் படமெடுத்துக்கொண்டு போன டூரிஸ்ட் யாராவது நிச்சயம் இருப்பார்.

இங்கேதான் 'பாரம்பரியம்' என்ற சொல் இடறுகிறது. பழைய தேக்குக் கதவு ஒன்று எங்காவது இடிபடுகிறது என்று தெரிந்தால் ஹோட்டல்காரர்கள் ஓடிப்போய் விலை பேசுகிறார்கள். பழமைக்குத் தக்க விலை கிடைக்கிறது. மூன்று நூற்றாண்டாக அறுபடாமல் வந்த ஒரு தொழிலுக்கு மட்டும் பழமையின் பெயரால் ஒரு காசு கூடுவதில்லை. ஒரு விரிப்பை ஊறவைத்து, அடித்து, அலசி, கஞ்சி போட்டு, உலர்த்தி, தேய்த்து, மடித்துக் கொடுப்பதற்கான கூலி இரண்டு இலக்கத்தைத் தாண்டுவதில்லை. அதே விரிப்பின் மேல் ஒரு ராத்திரி படுப்பதற்கு ஐந்து இலக்கம்.

உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைத்தொழில் அழிகிறதே என்று புலம்புவது சுலபம். அந்தப் புலம்பலில் ஒரு வஞ்சகமும் உண்டு. கதவுக்குப் பழமை பெருமை. மனிதனுக்கு அது பெரும்பாலும் சாதி. தமிழ்நாட்டுக் கிராமங்களில் வெளுப்பவர் வீட்டு வாசலில் நின்றார். பிறப்பு, பூப்பு, சாவு என்று ஊரார் தொடத் தயங்கிய துணிகளை அள்ளிப் போனார். கூலி அறுவடைக்கு அறுவடை தானியம், அன்றாடம் மிச்சச் சோறு. உருப்படியை எண்ணி ரூபாயாகக் கொடுக்கும் கொச்சி ஹோட்டல் அதற்கு எவ்வளவோ மேல். கல்லுக்கு முன் நாளெல்லாம் குனிந்து நிற்கும் முதுகுக்கும், சோப்புக் காரத்தில் வெடிக்கும் விரலுக்கும் 'கலாசாரச் செல்வம்' என்ற பட்டம் மருந்தாகாது. பிள்ளைகளைப் படிக்க வைத்து வேறு வேலைக்கு அனுப்ப வேண்டும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். பல வீடுகளில் அது நடந்தும்விட்டது. யார் குறை சொல்ல முடியும்?

தமிழ் இலக்கியம் இவர்களைக் கண்டுகொள்ளாமல் இல்லை. துணிக்குக் கஞ்சியிட்டு அலசும் புலைத்தியைச் சங்கக் கவிஞர்கள் ஆற்றங்கரையில் கவனித்துப் பாடலில் நிறுத்தினார்கள். பெரிய புராணத்தில் திருக்குறிப்புத் தொண்ட நாயனார் வருகிறார். காஞ்சிபுரத்துக்காரர், அடியார்களின் துணியை வெளுத்துத் தருவதே தொண்டு என்று வாழ்ந்தவர். ஒரு நாள் குளிரில் நடுங்கிக்கொண்டு வந்த கிழவர் தன் கந்தையைக் கொடுத்து, சாயங்காலத்துக்குள் வேண்டும் என்கிறார். துவைத்தாயிற்று. மழை பிடித்துக்கொள்கிறது. பொழுது சாய்ந்தும் விடவில்லை. சொன்ன சொல் தவறிவிட்டதே என்று துவைக்கும் கல்லிலேயே தலையை மோதிக்கொள்ளப் போகிறார் நாயனார். கிழவராக வந்தவர் சிவபெருமான். கல்லிலிருந்து ஒரு கை நீண்டு தடுக்கிறது.

பக்தியை ஒருபுறம் வைத்துவிட்டு, தொழில் தெரிந்தவர் எழுதிய கதை என்றும் இதைப் படிக்கலாம். வெளுப்பவரின் பயம் அழுக்கல்ல, மழை. அந்த வகையில் கொச்சியைப் போன்ற கடினமான ஊர் குறைவு. ஜூனில் தென்மேற்குப் பருவம் பிடித்தால் செப்டம்பர் வரை விடாது. அக்டோபரில் மூச்சு விடுவதற்குள் துலாமழை இடியோடு வந்துவிடும். மைதானத்தில் விரித்த துணியைப் பத்து நிமிஷத்தில் அள்ளிக்கொண்டு ஓடவேண்டும். ஹோட்டலுக்குப் பருவமழை புரியாது. அறை காலியாவது காலை, அடுத்த விருந்தினர் வருவது மதியம். இயந்திரச் சலவை நிலையம் வெயிலைக் கேட்பதில்லை. ஒரே மணி நேரத்தில் துவைத்து, உலர்த்தி, உருளையில் விட்டு மடித்துக் கொடுத்துவிடுகிறது. போட்டி இந்த இடத்தில்தான் தோற்கிறது, வெண்மையில் அல்ல. கஞ்சி போட்டுக் கையால் தேய்த்த பருத்தித் துணியின் விறைப்பைப் பழகியவர்கள் இன்னும் தேடி வருகிறார்கள்.

2020-ல் மழையை விட மோசமான ஒன்று வந்தது. கொரோனா ஊரடங்கில் ஹோட்டல்கள் மூடின, ஹோம்ஸ்டேக்கள் காலியாயின. கயிறுகள் வெறுமனே ஆடின. கட்டில்களுக்கும் பங்காக்களுக்கும் அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை. தூசி தட்டினால் போதும். உருப்படிக்கு இவ்வளவு என்று வாழ்பவருக்கு உருப்படியே வரவில்லை என்றால் அன்றைக்கு வருமானம் பூஜ்யம். சுற்றுலாவை நம்பும் ஊர்களில் யார் எவ்வளவு நஷ்டத்தைத் தாங்க முடியும் என்பதை அந்த மாதங்கள் பச்சையாகக் காட்டின.

என்ன செய்யலாம்? கருணை வேண்டாம், கணக்குப் போதும். அறை வாடகை சீசனுக்குச் சீசன் ஏறும்போது உருப்படிக் கூலியும் ஏறவேண்டும் என்று ஒப்பந்தம் எழுதுவதில் எந்த ஹோட்டலும் திவாலாகிவிடாது. மழைக்காலத்துக்குக் கூரை போட்ட உலர்த்துமிடமும் வெந்நீரும் பிழியும் இயந்திரமும் கேட்டால், 'பழமை கெட்டுவிடும்' என்று டூரிஸ்டுகளின் காமிராவுக்காக வருத்தப்படக் கூடாது. மெனுவில் ஒவ்வொரு குழம்புக்கும் அது எந்தச் சமூகத்தின் வீட்டிலிருந்து வந்தது என்று நாலு வரி எழுதுகிற ஹோட்டல்கள், இங்கே துணி போடுவதாக இருந்தால், விரிப்பு எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி எழுதி அறையில் வைக்கலாம். விருந்தினர்கள் படிப்பார்கள். பழமையைத் தேடித்தானே அவ்வளவு பணம் கொடுத்து வந்திருக்கிறார்கள்?

தொழிலை விட்டுப் போகிறவர்கள் போகட்டும். ஆனால் போவதற்கு முன் அவர்கள் வாய்மொழியைப் பதிந்து வைப்பது யார் வேலை? டச்சு ஆவணங்களைப் படித்தவர்கள் உண்டு. யூதர்களைப் பற்றிய புத்தகங்கள் அலமாரி நிறைய இருக்கின்றன. மூன்று நூற்றாண்டாக மலையாளக் கரையில் தனித்து நின்ற ஒரு தொழிலாளர் தமிழில் என்னென்ன சொற்கள் தங்கியிருக்கின்றன, எவை கரைந்தன என்பதைப் போய்க் கேட்பதற்குத் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்து ஒரு ராத்திரி ரயில் போதும்.

நாலு மணிக்கு மேல் வெயில் தணிகிறது. கயிற்றின் முறுக்கைத் தளர்த்தி விரிப்புகளை ஒவ்வொன்றாக உருவுகிறார்கள். இரண்டு பேர் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து உதறி, பாதியாக, மறுபடி பாதியாக மடிக்கிறார்கள். இஸ்திரிக் கூடத்தில் தண்ணீர் தெளித்த துணியின் மேல் பெட்டி போய்வர ஆவி எழுகிறது. மடித்தவை மூட்டைகளாகின்றன, மூட்டைகள் ஸ்கூட்டரிலும் ஆட்டோவிலும் ஏறுகின்றன. கூடவே எத்தனை விரிப்பு, எத்தனை உறை என்று குறித்த சீட்டு. ஹோட்டலின் பின்வாசலில் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொள்வார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தால் வேறு கேள்வி இல்லை.